ரெசாங் லா நினைவிடம்: எல்லைப் பேச்சுவார்த்தையில் ஒரு வீரரின் இடம் எங்கே?

லடாக்கின் சுஷுல் சமவெளியில் உள்ள போர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 18-ஆம் நாள் இந்திய ராணுவம் மலர்வளையம் வைத்து மரியாதை செலுத்துகிறது. 1962-ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரில் ரெசாங் லா கணவாயைக் காத்து உயிர்நீத்த மேஜர் ஷைத்தான் சிங் மற்றும் அவருடைய வீரர்களின் நினைவைப் போற்றும் இடம் அது. அரியானா மாநிலம் ரேவாரியில் அவ்வீரர்களின் உறவினர்களும் ஊர்மக்களும் தங்களுக்கென ஒரு நினைவிடம் அமைத்து அஞ்சலி செலுத்தி வருகின்றனர். மேஜரின் சொந்த மண்ணான ராஜஸ்தானின் ஜோத்பூரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

ஆனால், அவர் உயிர்நீத்த இடத்திலேயே எழுப்பப்பட்டிருந்த நினைவுச்சின்னம் இன்று அங்கு இல்லை. இந்தியாவும் சீனாவும் 2021-இல் படைகளை விலக்கிக்கொண்டபோது உருவான இடைப்பகுதிக்குள் அந்த இடம் அகப்பட்டுவிட்டது. ஒரு வீரருக்கு நாடு செலுத்தும் நன்றிக்கும், எல்லையில் அமைதியைக் காக்க அரசு மேற்கொள்ளும் முடிவுகளுக்கும் இடையே எழும் முரணுக்கு ரெசாங் லா ஓர் எடுத்துக்காட்டாகியுள்ளது.

நவம்பர் 18, 1962

சுஷுல் பள்ளத்தாக்குக்குத் தென்கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து 16,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது ரெசாங் லா கணவாய். சுஷுலில் அப்போது ராணுவ விமானதளம் இயங்கி வந்தது. அது வீழ்ந்தால் லே நகருக்கான பாதுகாப்பே கேள்விக்குறியாகும் என்ற நிலை இருந்தது. பிரிகேடியர் டி.என். ரெய்னா தலைமையிலான 114-ஆவது காலாட்படை பிரிகேடிடம் அப்பகுதியின் பாதுகாப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் இந்திய ராணுவத் தலைமைத் தளபதியாக உயர்ந்தவர் இவர்.

ரெசாங் லாவைக் காக்கும் பொறுப்பு 13-ஆவது குமாவோன் பட்டாலியனின் 'சார்லி' கம்பெனிக்கு வழங்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 120 வீரர்கள் இருந்தனர். பெரும்பாலோர் அரியானாவின் ரேவாரி, மகேந்திரகர், குர்கான் பகுதிகளைச் சேர்ந்த அஹீர் சமூகத்தினர். சமவெளியில் பிறந்து வளர்ந்த அவர்கள், உறைபனியும் உயிர்வளிக் குறைவும் மிகுந்த அந்த உயரத்திற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வந்து சேர்ந்திருந்தனர். கையில் இருந்தவை இரண்டாம் உலகப்போர்க் காலத்து .303 ரைபிள்கள். சுஷுலில் இருந்த இந்திய பீரங்கிகளுக்கும் ரெசாங் லாவுக்கும் நடுவே மலைமுகடு குறுக்கிட்டதால், பீரங்கிப் படையின் உதவி அவர்களுக்குக் கிடைக்க வழியில்லாமல் போனது.

நவம்பர் 18 விடியற்காலையில் சீனப் படை தாக்குதலைத் தொடங்கியது. முன்புறமாக வந்த முதல் அலைகளை வீரர்கள் முறியடித்தனர். பின்னர் கடும் குண்டுவீச்சுக்கு நடுவே பின்புறமாகவும் சுற்றிவளைத்து எதிரிகள் தாக்கினர். மேஜர் ஷைத்தான் சிங் ஒரு காவல்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று வீரர்களை வழிநடத்தினார். அவ்வாறு செல்கையில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்து படுகாயமடைந்தார். அவரைத் தூக்கிச் செல்ல முயன்ற வீரர்களின் உயிருக்கு ஆபத்து நேர்வதைக் கண்டு, தம்மை அங்கேயே விட்டுச் செல்லுமாறு அவர் உத்தரவிட்டார். ஒரு பாறையின் மறைவில் அவரை அமர்த்திவிட்டு வீரர்கள் பிரிந்தனர். அந்த இடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

1924 டிசம்பர் 1 அன்று ஜோத்பூர் பகுதியின் பானாசர் கிராமத்தில் பிறந்தவர் ஷைத்தான் சிங். அவருடைய தந்தை லெப்டினன்ட் கர்னல் ஹேம் சிங், முதல் உலகப்போரில் பணியாற்றியவர். ஜோத்பூர் சமஸ்தானப் படையில் சேர்ந்த ஷைத்தான் சிங், சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் குமாவோன் படைப்பிரிவுக்கு வந்தார். நாகா மலைப்பகுதியிலும், 1961 கோவா நடவடிக்கையிலும் பணியாற்றினார். மறைவுக்குப் பின் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவருடைய கம்பெனியைச் சேர்ந்தவர்களுக்கு எட்டு வீர் சக்ரா விருதுகளும் கிடைத்தன.

பனிக்குள் மறைந்திருந்த சான்று

போர் முடிந்ததும் இவ்வீரம் உடனே அங்கீகாரம் பெறவில்லை என்பது ரெசாங் லா வரலாற்றின் கசப்பான பகுதி. உயிர் தப்பித் திரும்பிய ஒரு சிலர் நடந்ததைக் கூறியபோது, கடைசித் தோட்டா வரை போரிட்டதாக அவர்கள் சொன்னதை நம்புவோர் குறைவாகவே இருந்தனர். தோல்வியின் துயரத்திலும் அவமானத்திலும் நாடு மூழ்கியிருந்த காலம் அது. வேறு பல முனைகளில் படைகள் நிலைகுலைந்து பின்வாங்கியிருந்த நிலையில், ஒரு கம்பெனி முழுவதும் நின்று மடிந்தது என்ற செய்தி மிகைக்கூற்றாகவே பலருக்குத் தோன்றியது.

1963 பிப்ரவரியில் அந்த ஐயம் நீங்கியது. அப்பகுதியில் அலைந்து திரிந்த லடாக்கிய ஆட்டிடையர் ஒருவர், பனியில் உறைந்து கிடந்த உடல்களைக் கண்டு தகவல் தெரிவித்தார். அங்கு சென்ற குழுவினர் கண்ட காட்சி, உயிர் தப்பியவர்களின் சொல்லை மெய்ப்பித்தது. வீரர்கள் தங்கள் பதுங்குகுழிகளிலேயே ஆயுதங்களுடன் உறைந்திருந்தனர். ராணுவ மருத்துவப் படையைச் சேர்ந்த தரம்பால் சிங் தஹியா, காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்த நிலையிலேயே மருந்தூசியும் கட்டுத்துணியும் கையிலிருக்க மடிந்து கிடந்தார். மேஜர் ஷைத்தான் சிங்கின் உடல், வீரர்கள் கூறிய அதே பாறையருகே கிடைத்தது. அது ஜோத்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு முழு ராணுவ மரியாதையுடன் தகனம் செய்யப்பட்டது. மற்ற வீரர்களின் உடல்கள் சுஷுலில் எரியூட்டப்பட்டு, அங்கேயே நினைவிடம் எழுந்தது.

இவ்வரலாற்றில் இடம் என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. அந்த வீரர்களுக்காகச் சாட்சி சொன்னது அவர்கள் விழுந்து கிடந்த மலைமுகடுதான். ஒவ்வொருவரும் எங்கே, எந்த நிலையில் கிடந்தார் என்பதே அவர்கள் எவ்வாறு போரிட்டனர் என்பதற்கான ஆதாரமாக அமைந்தது. அந்த ஆதாரத்தை முதலில் கண்டவர், அந்நிலத்தில் மேய்ச்சலுக்குச் சென்றுவந்த ஓர் இடையர்.

ஒன்று எழுந்தது, ஒன்று அகன்றது

2020-ஆம் ஆண்டு ரெசாங் லா மீண்டும் செய்திகளில் இடம்பெற்றது. அந்த ஆண்டு ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். அதன்பின், ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் பாங்காங் ஏரியின் தென்கரையை ஒட்டிய கைலாஷ் மலைத்தொடரின் உயரங்களை இந்தியப் படை கைப்பற்றி நிலைகொண்டது. ரெசாங் லாவும் ரெச்சின் லாவும் அவற்றுள் அடங்கும். ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய வீரர்கள் அதே முகடுகளில் எதிரெதிரே நிற்கும் நிலை ஏற்பட்டது. சுஷுல் கிராமத்தினர் குடிநீரையும் உணவுப்பொருட்களையும் முதுகில் சுமந்து மலையேறி வீரர்களுக்கு வழங்கினர்.

2021 பிப்ரவரியில் இருநாடுகளும் பாங்காங் ஏரியின் வடகரையிலும் தென்கரையிலும் படைகளை விலக்கிக்கொள்ள உடன்பட்டன. கைலாஷ் உயரங்களிலிருந்து இந்தியப் படை இறங்கியது. இருதரப்பும் ரோந்து செல்லாத இடைப்பகுதிகள் உருவாயின.

அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, சுஷுலில் புதுப்பித்து விரிவாக்கப்பட்ட ரெசாங் லா போர் நினைவிடத்தைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1962 போரில் அப்பகுதியில் பணியாற்றிய ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஆர்.வி. ஜடாரின் சக்கர நாற்காலியை அமைச்சரே தள்ளிச் சென்ற காட்சி நாடெங்கும் கவனம் பெற்றது.

இதற்கு மாறான செய்தி 2023 டிசம்பரில் வெளிவந்தது. மேஜர் ஷைத்தான் சிங்கின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் இருந்த நினைவுச்சின்னம், இடைப்பகுதிக்குள் வருவதால் அகற்றப்பட்டதாகச் சுஷுல் தொகுதியின் மலைப்பகுதி வளர்ச்சிக் கவுன்சில் உறுப்பினர் தெரிவித்தார். சமவெளியில் பெரிய நினைவிடம் எழுந்துள்ளது. மலைமேல் இருந்த சிறிய சின்னம் மறைந்துவிட்டது. இவ்விரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் முழு நிலைமை விளங்கும்.

படைவிலக்கலுக்கு ஆதரவான வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. சில நூறு மீட்டர் இடைவெளியில் பீரங்கி வண்டிகள் எதிரெதிரே நின்ற சூழலில், ஒரு தவறான அசைவு பெரும்போருக்கு வழிவகுத்திருக்கலாம். இன்னுமொரு கல்வான் நிகழாமல் தடுப்பது அரசின் கடமை. கணவாயைக் காக்க உயிர்நீத்த வீரரின் பெயரால் மேலும் பல வீரர்களின் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என எவரும் கோரப்போவதில்லை.

எனினும், அமைதிக்காக விட்டுக்கொடுத்தவை எவை என்பதை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. வீரர் ஒருவரின் நினைவுச்சின்னம் அகற்றப்பட்ட செய்தி, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவர் வாயிலாக நாட்டுக்குத் தெரியவந்ததே இங்குள்ள சிக்கல். முடிவின் காரணத்தை அரசே முன்வந்து விளக்கியிருந்தால், வீரர்களின் குடும்பங்கள் அதைப் புரிந்துகொள்ள வாய்ப்பிருந்திருக்கும்.

மேய்ச்சல் நிலமும் நினைவிடமும்

சுஷுல் மக்களுக்கு இது நினைவுச்சின்னம் ஒன்றைப் பற்றிய கவலையோடு முடிவதில்லை. பஷ்மினா கம்பளி தரும் ஆடுகளை வளர்க்கும் சாங்பா மேய்ப்பர்களுக்குக் குளிர்கால மேய்ச்சல் நிலமே வாழ்வாதாரம். இடைப்பகுதிகளால் தங்கள் வழக்கமான மேய்ச்சல் நிலங்கள் சுருங்கிவிட்டதாக அவர்கள் தொடர்ந்து கூறி வருகின்றனர். சுஷுல் பகுதி மேய்ப்பர்கள் சீன வீரர்களை எதிர்கொண்டு, தங்கள் நிலத்தில் ஆடுகளை மேய்க்கும் உரிமையை வலியுறுத்திய காணொலி 2024 ஜனவரி இறுதியில் பரவலாகப் பகிரப்பட்டது.

2024 அக்டோபரில் இந்தியாவும் சீனாவும் ரோந்துப் பணி குறித்துப் புதிய உடன்பாட்டை எட்டின. தெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்தும் மேய்ச்சலும் மீண்டும் தொடங்க அது வழிசெய்தது. 2021-இல் உருவான பாங்காங் பகுதி இடைப்பகுதி அந்த உடன்பாட்டின் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே ரெசாங் லா முகட்டின் நிலை எதிர்காலப் பேச்சுவார்த்தைகளையே சார்ந்துள்ளது.

எல்லைப்புறத்தில் மேய்ப்பர்களின் நடமாட்டம், நிலத்தின் மீதான நாட்டின் உரிமைக்கு அன்றாடச் சான்றாக விளங்குகிறது. 1963-இல் வீரர்களின் தியாகத்தை உலகறியச் செய்ததும் அத்தகைய நடமாட்டமே. இன்று அதே நிலத்தில் மேய்ப்பருக்கும் வழியில்லை, நினைவுச்சின்னத்துக்கும் இடமில்லை என்றால், இவ்விரு இழப்புகளும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை என்பதை மறுக்க இயலாது.

ரேவாரியின் குரல்

லடாக்கிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரியானாவில், ரெசாங் லா வேறொரு வகையில் விவாதப்பொருளாகியுள்ளது. போரில் உயிரிழந்த வீரர்களின் பெயர்களை ரேவாரி நினைவிடம் தாங்கி நிற்கிறது. மேஜருக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்ததால் அவர் பெயர் நாடறிந்ததாயிற்று. உடன் மடிந்த எளிய சிப்பாய்களின் பெயர்கள் தங்கள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை என்ற ஆதங்கம் அப்பகுதி மக்களிடம் நீண்டகாலமாக உள்ளது.

ஷைத்தான் சிங்காக நடிகர் ஃபர்ஹான் அக்தர் நடித்த '120 பகதூர்' திரைப்படம் 2025 நவம்பர் 21 அன்று வெளியாவதற்கு முன்னர், அந்த ஆதங்கம் வெளிப்படையாக வெடித்தது. போரிட்ட வீரர்களின் அடையாளம் படத்தின் தலைப்பில் இடம்பெற வேண்டும் எனக் கோரி அஹீர் சமூக அமைப்புகள் போராட்டம் நடத்தின. நீதிமன்றக் கதவுகளையும் தட்டின. ராணுவத்தில் தனி அஹீர் படைப்பிரிவு வேண்டும் என்ற கோரிக்கைக்காக 2022-இல் குர்கான் அருகே கேர்க்கி தௌலாவில் நடந்த தொடர் போராட்டத்திலும் ரெசாங் லாவே முதன்மைச் சான்றாக முன்வைக்கப்பட்டது. சமூகம், வட்டாரம், மதம் ஆகியவற்றின் அடிப்படையில் புதிய படைப்பிரிவுகளை உருவாக்குவதில்லை என்பது சுதந்திரத்துக்குப் பிறகு அரசு பின்பற்றிவரும் கொள்கை. அதே வேளையில் பழைய படைப்பிரிவுகள் பல தங்கள் சமூகப் பெயர்களுடன் தொடர்வதைப் போராட்டக்காரர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

இக்கோரிக்கையில் நியாயமான பகுதியும் எச்சரிக்கை தேவைப்படும் பகுதியும் கலந்துள்ளன. ஒவ்வொரு வீரரும் தம் பெயரால் அறியப்பட வேண்டும் என்பது நியாயம். தியாகத்தை ஒரு சமூகத்தின் தனியுடைமையாக்குவது ரெசாங் லாவில் உண்மையில் நடந்ததற்கே பொருந்தாது. அந்த முகட்டில் ராஜஸ்தானின் ராஜபுத்திர மேஜர் இருந்தார். அவருடைய கம்பெனியினர் பெரும்பாலும் அரியானாவின் அஹீர்கள். காயங்களுக்குக் கட்டுப்போட்டபடி மடிந்த தஹியா ராணுவ மருத்துவப் படையிலிருந்து வந்தவர். அவர்களைத் தேடிக் கண்டெடுத்தவர் லடாக்கிய இடையர்.

எண்களும் ஆவணங்களும்

ரெசாங் லா பற்றிய அடிப்படைத் தகவல்களில்கூட இன்றும் வேறுபாடுகள் உள்ளன. உயிரிழந்த இந்திய வீரர்களின் எண்ணிக்கை 114 எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது; சில பதிவுகள் 110 என்கின்றன. சீனத் தரப்பில் 1,300 பேர் கொல்லப்பட்டதாக ரேவாரி நினைவிடம் கூறுகிறது. சீனா இதை உறுதிப்படுத்தியதில்லை. வேறு இந்தியப் பதிவுகள் வேறு எண்களைத் தருகின்றன.

இத்தகைய குழப்பத்துக்குப் போரைப் பற்றிய அரசு ஆவணங்கள் மூடியே வைக்கப்பட்டிருப்பது ஒரு முக்கியக் காரணம். 1962 தோல்வி குறித்து லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் 1963-இல் அளித்த அறிக்கையை எந்த அரசும் வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதி 2014-இல் இணையத்தில் கசிந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு தொகுத்த போர் வரலாறும் முறையாக அச்சேறவில்லை. போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளுக்குள் வெளிப்படுத்துவது என்ற கொள்கையை 2021 ஜூனில் அமைச்சகம் அறிவித்தது. அக்கொள்கை 1962-க்கும் உரிய வகையில் செயல்பட்டால், வீரர்களின் குடும்பங்களே முதலில் பயனடைவர்.

ஆவணம் மூடியிருக்கும் இடத்தில் கல்வெட்டும் திரைப்படமும் வரலாறாகிவிடுகின்றன. அவற்றில் எது சரி என்று நீதிமன்றத்தில் வழக்காட வேண்டிய நிலை ஏற்படுகிறது. மிகைப்படுத்தல் எதுவும் இன்றியே ரெசாங் லா வீரர்களின் செயல் உயர்ந்து நிற்கிறது. சரிபார்க்கப்பட்ட பெயர்ப்பட்டியலும் போர்ப்பதிவும் அந்த வீரத்தைக் குறைக்கப்போவதில்லை.

பெயர்சூட்டலுக்கு அப்பால்

ஷைத்தான் சிங்கின் பெயரை நிலைநிறுத்த அரசுகள் பல முயற்சிகளை எடுத்துள்ளன. பரம் வீர் சக்ரா பெற்றோரின் பெயர்களை இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குச் சூட்டியபோது, அவர் பெயரும் ஒரு கப்பலுக்கு வைக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இடம்பெற்றுள்ளது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டபோது, ஒரு தீவு அவர் பெயரைப் பெற்றது. போர்க்களங்களைப் பொதுமக்கள் நேரில் காண வகைசெய்யும் 'பாரத் ரணபூமி தர்ஷன்' திட்டத்தை 2025 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கியது.

இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் தீவுக்கோ கப்பலுக்கோ பெயர் சூட்டுவது எளிது. அந்நாட்டின் எவ்வித உடன்பாடும் அதற்குத் தேவையில்லை. வீரர் விழுந்த இடத்தைக் காப்பதற்கு அண்டை நாட்டுடன் பேச வேண்டியிருக்கிறது. போர்க்களச் சுற்றுலாவின் நோக்கம் மக்களை வரலாற்று நிலத்துக்கு அழைத்துச் செல்வதுதான் என்றால், ரெசாங் லாவுக்கு வரும் பயணி இப்போதைக்குச் சமவெளி நினைவிடத்தில் நின்று தொலைவில் உள்ள முகட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன. அகற்றப்பட்ட சின்னம் இருந்த இடத்தின் துல்லியமான அமைவையும் அங்கு கிடைத்த சான்றுகளையும் முறையாகப் பதிவுசெய்து சுஷுல் நினைவிடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கலாம். ரேவாரி, ஜோத்பூர், சுஷுல் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே அதிகாரப்பூர்வப் பெயர்ப்பட்டியல் இடம்பெறச் செய்யலாம். இடைப்பகுதிகள் குறித்த வருங்காலப் பேச்சுவார்த்தைகளில், மேய்ச்சல் உரிமையுடன் நினைவிடத்துக்கான அணுகலையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 18 அன்று மட்டும், ஆயுதமின்றி ஒரு சிறு குழு அந்தப் பாறை வரை சென்று அஞ்சலி செலுத்த வழி கிடைத்தாலும் அது பொருளுள்ள தொடக்கமாக அமையும்.

சுஷுல் கிராமம் 1962-இல் சீனப் படையின் கைக்குப் போகவில்லை. அங்கு இன்றும் மக்கள் வாழ்கின்றனர், ஆடுகளை மேய்க்கின்றனர், ராணுவத்துக்குத் துணைநிற்கின்றனர். அந்த வாழ்வு தடையின்றித் தொடர்வதற்காகவே ஷைத்தான் சிங்கும் அவருடைய வீரர்களும் அந்தக் கணவாயில் நின்றனர். மேய்ப்பர்கள் மீண்டும் ரெசாங் லா சரிவுகளுக்குச் சென்றுவரும் நாளில், சமவெளி நினைவிடத்தில் வைக்கப்படும் மலர்வளையத்துக்கு முழுப் பொருள் கிடைக்கும்.